இடது முன்னங்கால், ஆறு வாரம்

என் வாழ்க்கையில் நான் மாவுக்கட்டுப் போட்ட கடைசிக் கால் ஒரு குதிரையுடையது. அந்தக் காலை உடைத்ததும் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி மீனா சொல்லிவிடுவாள். போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம்கூடச் சொல்லிவிட்டாள் (நாங்கள் பேசப் போனது மகளின் கணக்கு மார்க்கைப் பற்றி).

நான் படித்தது அறுவை சிகிச்சை. குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை என்று பத்து வருடம் மனிதர்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அருகில் நெடுஞ்சாலையில் ஒரு வளைவு இருந்தது. வாரத்துக்கு இரண்டு பேராவது அந்த வளைவில் விழுந்து என் மேஜைக்கு வருவார்கள். தைத்து அனுப்புவேன்; அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் வருவார்கள். ஒரு கட்டத்தில், ஆட்களைத் தைப்பதற்குப் பதில் அந்த வளைவை நிமிர்த்தினால் என்ன என்று தோன்றிவிட்டது. குரூப் ஒன் தேர்வு எழுதினேன். துணை ஆட்சியர் ஆனேன். (அந்த வளைவு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு துறையாம்.)

விராலிமலைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "டாக்டர்னா சாகுற வரைக்கும் டாக்டருடா. ஆர்.டி.ஓ.ன்னா மாத்தல் வர்ற வரைக்கும்தான்" என்றார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஏழாவது மாதம் அவருக்குத் தொண்டைவலி வந்ததால் பேசினார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வருவாய்க் கோட்டத்துக்கு ஆர்.டி.ஓ.வாகப் போனபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு வைராக்கியத்தோடு போனேன். இனிமேல் யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிடக் கூடாது. பெயர்ப்பலகையில் பட்டத்தை எழுத விடவில்லை. ஆனால் ஊருக்கு விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. குறைகேட்கும் நாளில் பட்டா மாறுதல் மனுவுக்கு அடியில் எக்ஸ்ரே வைத்து நீட்டுவார்கள். "பட்டா மெதுவா ஆகட்டுங்கய்யா, இத மட்டும் பாருங்க" என்று ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டியபோது, என் உதவியாளர் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நான் விறைப்பாக, "நான் இப்போது வருவாய்த் துறை" என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே, "கைராசி போயிருமா என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, டாக்டர் அல்ல, அசல் அதிகாரி என்று நிரூபிக்க ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். அது குதிரை உருவத்தில் வந்தது.

அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். இன்றைக்கும் அங்கே போனால் எனக்கு இலை போட்டுச் சாப்பாடு உண்டு. அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில். மழை வேண்டி வைகாசியில் புரவி எடுப்பார்கள். கோயிலில் இருந்து எடுத்த பிடிமண்ணைக் குயவரான வேளாரிடம் கொடுத்தால், அவர் ஆளுயரத்துக்கு மேல் மண்குதிரை செய்து, சுட்டு, வெள்ளையடித்து வைப்பார். அன்றைய தினம் கண் எழுதித் திறந்து, மாலை போட்டு, தோளில் சுமந்து கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஊருக்கு இரண்டு பெரிய குதிரை. ஒன்று வடக்குத்தெருவுக்கு, ஒன்று தெற்குத்தெருவுக்கு. யார் குதிரை முன்னால் போவது என்ற தகராறில் எட்டு வருடமாகப் புரவி எடுப்பே நின்றுபோயிருந்தது. கடைசியாக எடுத்தபோது இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, வழக்கு நடந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தன. தெற்குத்தெருவில் கட்டிக்கொடுத்த தங்கையை வடக்குத்தெருத் தலைவர் கருப்பையா எட்டு வருடமாகப் பொங்கலுக்குக்கூட அழைக்கவில்லை. அந்தத் தங்கையின் கணவர்தான் தெற்குத்தெருத் தலைவர் வெள்ளைச்சாமி.

மூன்று அமர்வு பேச்சுவார்த்தை நடத்தினேன். கருப்பையாவும் வெள்ளைச்சாமியும் என் அறையில் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒருவர் வடக்கு ஜன்னலையும் மற்றவர் தெற்குச் சுவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது நாள் என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. இரண்டு குதிரையும் அருகருகே போகட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டும் ஒரே உயரம். ரோட்டின் அகலத்தை சர்வேயரை வைத்து அளந்தேன், போதும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் பச்சை மையில் ஒப்பமிட்டேன். அதை லேமினேட் செய்து ஊர் டீக்கடையில் தொங்கவிட்டார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் டீயோடு என் கையெழுத்தையும் பார்த்தார்கள். அது பின்னால் எனக்கே வினையாக முடியும் என்று அப்போது தெரியாது.

"ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் செய்த முதல் ஆபரேஷன்" என்று மீனாவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் மயக்க மருந்து டாக்டர். அறுவை சிகிச்சை செய்கிறவர்களின் பீற்றலைத் தலைமாட்டில் நின்று கேட்டே பழக்கப்பட்டவள். "இன்னும் தையல் போட்டு முடிக்கலையேங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புரவி எடுப்பு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, டேப்பை எடுத்துக்கொண்டு வேளார் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேளார் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சுற்று வட்டாரத்தில் ஏழெட்டு ஊருக்குக் குதிரை செய்து கொடுப்பவர். பிடிமண் வாங்குகிற மாதங்களில் அவர் வீட்டு வாசலில் பைக் நிறுத்த இடம் இருக்காது. அவரது கொட்டகையில் இரண்டு குதிரையும் நின்றன. சுட்ட செம்மண் நிறம். கழுத்து மணி, நெற்றிப்பட்டம், உருட்டி வைத்த பிடரி என்று அப்படியோர் அழகு. கண் மட்டும் இன்னும் எழுதவில்லை. வயிற்றுக்குக் கீழே முட்டாக ஒரு மண்தூண். என்னோடு ஓட்டுநர் செல்வம், வி.ஏ.ஓ., என் உதவியாளர். ஸ்டூலில் ஏறி நானே அளந்தேன். வடக்குத்தெருக் குதிரையின் காது நுனி தெற்குத்தெருக் குதிரையைவிட அரை அங்குலம் உயரம்.

எனக்கு வியர்த்துவிட்டது. அரை அங்குலம் எனக்குப் பெரிய விஷயம். வயிற்றுக்குள் அரை அங்குலம் தள்ளி வெட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவன்.

"ரெண்டும் ஒரே அளவுதாங்கய்யா" என்றார் வேளார். "தரைதான் அங்கிட்டுப் பள்ளம்."

"அப்படியென்றால் தெற்குத்தெருக் குதிரையைச் சமதளத்துக்கு நகர்த்தி மறுபடி அளப்போம்."

"நாளைக்கி ஆளுக வந்து, வயித்துக்கு அடியில கம்பு குடுத்துத்தாங்க தூக்குவாக. இப்பத் தொட வேணாம். தூக்குனாலும் காலைப் புடிக்கக் கூடாது."

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆர்.டி.ஓ. வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் நான் சாதாரண ஆர்.டி.ஓ. இல்லையே. ஸ்ட்ரெச்சரில் இருந்து மேஜைக்கு, மேஜையில் இருந்து கட்டிலுக்கு என்று ஆயிரக்கணக்கான உடம்புகளை மாற்றியவன். காலைத் தாங்காமல் நோயாளியைத் தூக்கினால் என்ன ஆகும் என்று பயிற்சி மருத்துவர்களைத் திட்டியவன். தலைமுறை தலைமுறையாகக் குதிரை தூக்குகிறவருக்கு நான் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

"வேளார், காலுக்குத்தான் முதலில் தாங்கல் கொடுக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வேன். மூன்றில் எல்லோரும் ஒன்றாகத் தூக்குகிறோம். ஒரு சாண் நகர்த்தினால் போதும்."

முன்னங்கால்களுக்கு நானும் வி.ஏ.ஓ.வும். பின்னங்கால்களுக்குச் செல்வமும் உதவியாளரும். வேளார் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வேணாங்கய்யா" என்றார். நான் எண்ணினேன். மூன்று என்றதும் நான் தூக்கினேன். மற்ற மூவரும், பெரிய அதிகாரி முதலில் தூக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். நான் தூக்கியதைப் பார்த்த பிறகு தூக்குவதாக எண்ணமாம். அரசு ஊழியத்தில் அதுதான் முறை.

'டப்' என்று ஒரு சத்தம். எலும்பு உடைந்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். உடையும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். முட்டுத்தூண் இருந்ததால் குதிரை சாயவில்லை. ஆனால் அதன் இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே என் கையில் இருந்தது. அதற்கு இன்னும் கண் எழுதாததால், செய்தது யார் என்று பார்த்திருக்காது என்று ஓர் அற்ப ஆறுதல் வந்தது.

வி.ஏ.ஓ. மெதுவாக, "தெற்குத்தெருக் குதிரைங்க சார்" என்றார், எனக்கு மறந்திருக்கும் என்பதுபோல. தெற்குத்தெரு என்ன நினைக்கும்? வடக்குத்தெருவுக்குச் சாய்ந்துகொண்டு ஆர்.டி.ஓ. எங்கள் குதிரையை முடமாக்கிவிட்டார் என்று நினைக்கும். வடக்குத்தெரு என்ன சொல்லும்? நொண்டிக் குதிரையோடு எங்கள் குதிரை ஜோடி போகாது என்று சொல்லும். எட்டு வருடத்துக்குப் பிறகு ஒட்டிய ஊர் மறுபடி பிளந்துகொள்ளும். அந்தத் தங்கை அடுத்த பொங்கலுக்கும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

வேளார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் கையில் இருந்து காலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கண்ணு தெறக்குறதுக்கு முன்னாடி ஒடஞ்சா வெறும் மண்ணுதாங்கய்யா. தெறந்த பொறகு ஒடஞ்சாத்தான் குத்தம். உள்ள கம்பி குடுத்து, பசை போட்டு ஒட்டிருவேன். சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும். வருசத்துக்கு ரெண்டு காலாச்சும் இப்புடி ஒட்டுறதுதான். மேல வெள்ளையடிச்சா எனக்கே தெரியாது."

அதாவது, அந்தக் கணத்தில் பிரச்சினை முடிந்துவிட்டது. அதை நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கம்பியும் பசையுமா? இரண்டு குதிரையை ஜோடியாகச் சுமக்கும் ஆட்டத்தில் பசை தாங்குமா? எலும்பு முறிவுக்கு உலகம் முழுதும் என்ன வைத்தியமோ அதுதான் இதற்கும் என்று முடிவு செய்தேன். செல்வத்தை அறந்தாங்கிக்கு அனுப்பி, மாவுக்கட்டு ரோல் எட்டும் பஞ்சும் வாங்கிவரச் சொன்னேன். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். வேளார், "சொன்னாக் கேக்கவா போறீக" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டீ போடச் சொல்ல வீட்டுக்குள் போனார்.

ஒரு சிறு சிக்கல். நான் வயிற்று டாக்டர். கடைசியாக மாவுக்கட்டுப் போட்டது பயிற்சிக் காலத்தில். மீனாவுக்குப் போன் செய்தேன்.

"முழங்காலுக்குக் கீழே முறிவு. எத்தனை சுற்றுப் போடணும்?"

"யாருக்குங்க?"

"ஒருத்தருக்கு."

"என்ன வயசு?"

"சுட்டு ஒரு வாரம் இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்து, "தெரியல" என்றேன்.

"சுகர், பிரஷர்?"

"இல்ல."

"வலி எப்படி இருக்கு?"

"காட்டிக்கல."

"எடை?"

"முன்னூறு கிலோவுக்குக் குறையாது."

"நீங்க வருவாய்த் துறையிலதான இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

கட்டுப் போட்டேன். தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், நல்ல கட்டு. பஞ்சு சுற்றி, ரோலை நனைத்துப் பிழிந்து, மேலும் கீழும் மூட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையால் நீவி வழுவழுப்பாக்கினேன். என்ன, மற்ற மூன்று காலும் குதிரைக் காலாக இருக்க, இது மட்டும் ஆனைக்காலாக இருந்தது. வி.ஏ.ஓ. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாலையைக் கொஞ்சம் தழைய விட்டுக்கலாங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. மாவுக்கட்டுப் போட்டால் அதன்மேல் எந்தக் கால், என்ன முறிவு, என்ன தேதி, எத்தனை வாரம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் எங்கள் பேராசிரியர் வார்டிலேயே வைத்துத் தோலை உரித்துவிடுவார். அந்தப் பயம் பதினைந்து வருடம் கழித்தும் என் கையை விட்டுப் போகவில்லை. மூளையைக் கேட்காமலே கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே இருந்தது அதிகாரியின் பச்சைப் பேனா. 'இடது முன்னங்கால். முறிவு. ஆறு வாரம் எடை வைக்கக் கூடாது.' தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

வேளார் குனிந்து பார்த்தார். "எழுத்து எதுக்குங்கய்யா?"

"அது வழக்கம்."

"பச்சை ஊறுங்க. வெள்ளைக்கு மேல வந்து நிக்கும்."

"ஊறாது வேளார்" என்றேன். அந்த நாளில் அவர் சொன்னதை நான் தட்டியது மூன்றாவது தடவை.

மறுநாள் மத்தியானம் ஊர் அவ்வளவு அழகாக இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள். மேளம், குலவை, தண்ணீர்ப் பந்தல். இரண்டு குதிரையும் வெள்ளை வெளேர் என்று, புது வேட்டி சுற்றி, மாலை போட்டு அருகருகே நின்றன. வேளார் கண் எழுதினார். குலவைச் சத்தத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இடது முன்னங்காலைச் சம்பங்கி மாலை மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் என்னிடம், "பிரமாதம் சார்" என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். ஊர்க்காரர்கள் வற்புறுத்தியதால் வேட்டி கட்டியிருந்தேன். இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட்டும் போட்டிருந்தேன்.

கம்பு கொடுத்து, கட்டி, தூக்கப் போகிற நேரம். மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைச்சாமி, தங்கள் குதிரையின் மாலை தரையில் இழுபடுகிறதே என்று குனிந்து அதை மேலே எடுத்துச் செருகினார். பிறகு நிமிரவில்லை. அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேளார் சொன்னபடி பச்சை ஊறி, வெள்ளைக்கு மேல் வந்து நின்றது. அதுவும் எழுதியதைவிடக் கொட்டையாக.

வெள்ளைச்சாமி பள்ளிப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டது.

"இடது முன்னங்கால். முறிவு. ஆறு வாரம் எடை வைக்கக் கூடாது."

மேளம் நின்றது. அவர் இன்னும் குனிந்து, "இது டீக்கடையில தொங்குற கையெழுத்துல்ல?" என்றார்.

மொத்த ஊரும் என்னைப் பார்த்தது. வடக்குத்தெருப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "ஒடஞ்ச குதிரையவா எங்களோட ஜோடி சேர்த்தீக" என்று ஒரு குரல். தெற்குத்தெருவில் இருந்து, "ஒடச்சது யாருன்னு கேளுங்கடா மொதல்ல" என்று இன்னொரு குரல். தோளில் கம்பு வைத்திருந்தவர்கள் கம்பைக் கையில் எடுத்தார்கள். கருப்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் என் காதருகே, "சார், வண்டியில ஏறிடுங்க" என்றார்.

ஏறியிருப்பேன். கால் நகரவில்லை. கருப்பையாவுக்குப் பின்னால், பெண்கள் கூட்டத்தில், அந்தத் தங்கை தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணனையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. பத்து வருடம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பார்த்த முகம். கதவைத் திறந்துகொண்டு வந்து உண்மையைச் சொல்வதைத் தவிர அந்த முகத்துக்கு முன்னால் வேறு எதுவும் செய்ய முடியாது.

மைக்கை வாங்கினேன். "குதிரையின் காலை உடைத்தது நான்தான். வேளார் வேண்டாம் என்று சொன்னார். கேட்கவில்லை. ஒட்டித் தருகிறேன் என்றார். அதையும் கேட்கவில்லை. பச்சை எழுத்து ஊறும் என்றார். ஊறாது என்றேன். இதில் வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. என் மண்டைக்கனம்தான். என்னை மன்னித்துவிடுங்கள்."

வேளார் மையெழுதிய விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "கண்ணு தெறக்கும்போது குதிரை நாலு காலோடதான் நின்னுச்சு. சாமிக்கு ஒண்ணும் குத்தமில்ல" என்றார். ஊருக்கு அது போதும். வேளார் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. ஆனால் வெள்ளைச்சாமியின் முகம் தெளியவில்லை. அவர் என்னைப் பார்த்து, மிகுந்த பொறுப்போடு கேட்டார்.

"ஆறு வாரம் எடை வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீகளே டாக்டரய்யா. இப்பக் கொண்டுபோகலாமா?"

என்னையறியாமல் டாக்டர் குரல் வந்துவிட்டது. "தாராளமாகக் கொண்டுபோகலாம். தோளில்தானே போகிறது. கால் தரையில் படாது."

முதலில் சிரித்தது கருப்பையா. அவர் அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்து வெள்ளைச்சாமியின் மீசை ஆடியது. இன்னும் எட்டு வருடம்கூட ஒரே சோபாவில் ஜன்னலையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய இரண்டு பேர், என்னை நடுவில் நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தண்டனை இல்லாமல் விடவில்லை. "ஒடச்சவுக சுமக்கணும்" என்றார் வெள்ளைச்சாமி. சட்டையைக் கழற்றினேன். செருப்பையும் கழற்றினேன். தெற்குத்தெருக் குதிரையின் இடது முன்பக்கக் கம்பை என் தோளில் வைத்தார்கள், அந்தக் காலுக்கு நேர் கீழே. வைகாசி வெயில், தார் ரோடு, ஒன்றரை கிலோமீட்டர். இருநூறு அடியிலேயே தோள் கழன்றுவிட்டது. சூடு தாங்காமல் நான் துள்ளித் துள்ளி நடந்ததைப் பார்த்து, "கட்டு யாருக்குப் போட்டுருக்கு, குதிரைக்கா இவுகளுக்கா" என்று ஒரு பெண் கேட்டார். என்னால் எங்கள் குதிரை பின்தங்கியது. ஜோடியாகப் போக வேண்டிய வடக்குத்தெருக் குதிரை பத்தடி முன்னால் போய்விட்டது. முன்னால் போவதற்காகத்தானே எட்டு வருடச் சண்டை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

கருப்பையா கையைத் தூக்கினார். வடக்குத்தெருக் குதிரை நின்றது.

"நோயாளிய விட்டுப்புட்டா போறது" என்றார். "வரட்டும்."

கோயிலுக்குப் போவதற்குள் அப்படி ஐந்து தடவை நின்றார்கள். என் ஒப்பந்தத்தில் அதற்கு ஷரத்து எதுவும் இல்லை. கண்மாய்க் கரை ஏறும்போது வடக்குத்தெருவில் இருந்து நான்கு பேர் வந்து எங்கள் கம்புக்குத் தோள் கொடுத்தார்கள். அந்தத் தங்கையின் வீட்டில் அன்று கருப்பையா சாப்பிட்டார். நானும் அதே பந்தியில் உட்கார்ந்தேன்; இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

'புரவி எடுப்பு விழா அமைதியாக நடைபெற்றது' என்று ஒரு வரியில் அறிக்கை அனுப்பினேன். மாவட்ட ஆட்சியர் போன் செய்து, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். யாரோ எடுத்த வீடியோ என் அறிக்கைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவுக்கும் போயிருந்தது. விராலிமலையில் இருந்து கூப்பிட்டு, "நான்தான் சொன்னேன்ல, சாகுற வரைக்கும் டாக்டருன்னு" என்றார். பிறகு, "குதிரைக்கா இருந்தா என்ன" என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டாம். குழாய் ரிப்பேரை நானே பார்க்கிறேன் என்று ஸ்பானரை எடுத்தால், காரைப் பின்னால் எடுக்கும்போது இடம் இருக்கிறது என்று சொன்னால், மகளின் கணக்குப் புத்தகத்தில் விடை தப்பு என்று அடித்துச் சொன்னால், மீனாவோ மகளோ ஒரே கேள்விதான் கேட்பார்கள். "வேளார் என்ன சொன்னாரு?" அத்தோடு நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவேன்.

மாற்றல் வந்து நான் வேறு மாவட்டம் போய்விட்டேன். இந்த வருடம் புரவி எடுப்புக்குக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். கோயிலில் வரிசையாக நிற்கும் சிறிய நேர்த்திக்கடன் குதிரைகளைப் பார்த்துக்கொண்டே வந்த மகள், "அப்பா, இங்க வாங்க" என்றாள். ஒரு குதிரைக்குக் காலில் மாவுக்கட்டு, அதன்மேல் பச்சை எழுத்து. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினோம், ஒன்பது. பைக்கில் விழுந்து கால் முறிந்தவர்கள், மாடி ஏறித் தவறியவர்கள், எல்லோரும் கால் கூடினால் கட்டுப் போட்ட குதிரை வைப்பதாக வேண்டிக்கொள்கிறார்களாம். மீனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேளார் பத்தாவது குதிரையோடு வந்தார். இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வலது பின்னங்காலில் தடித்த கட்டு. என் கட்டைவிட நேர்த்தியாகவே இருந்தது. "அய்யா வருவீகன்னுதான் எழுதாம வச்சிருக்கேன்" என்றார். அந்தக் குதிரையை வைப்பதாக நேர்ந்துகொண்ட அம்மா பக்கத்தில் நின்றார். லேசாகச் சாய்ந்து, ஆனால் இரண்டு காலிலும் நின்றார். நான் பச்சைப் பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது என்று யோசித்து, 'வலது பின்னங்கால். நடக்கலாம்' என்று எழுதக் குனிந்தேன். பேனா முனை படுவதற்கு முன்னால் சட்டென்று ஞாபகம் வந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக, செய்வதற்கு முன்பே கேட்டேன்.

"வேளார், பச்சை ஊறுமே?"

"ஊறணுங்கய்யா" என்றார் வேளார். "ஊறி நின்னாத்தான் மக்க நம்புறாக."